சம்பள உச்சவரம்பு ஏறினால் சந்தையில் என்ன நடக்கும்? என்.எஃப்.எல். ஃப்ரீ ஏஜென்சி: கேள்வியும் பதிலும்

இது எந்தக் கால்பந்து?

வலைக்குள் பந்தை உதைத்து கோல் போடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 32 அணிகள் ஆடும் என்.எஃப்.எல். தொடர். அங்கே ஓர் அணி தன் வீரர்களின் பேரில் ஓர் ஆண்டுக்கு எழுதக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. வேறு சில அமெரிக்க விளையாட்டுகளில் இருப்பதுபோல, வரியைக் கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வசதி இங்கே கிடையாது. உரிமையாளர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 1994இல் இந்த முறை வந்தபோது வரம்பு 3.46 கோடி டாலர். 2025இல் 27.92 கோடி டாலர். ஏறக்குறைய எட்டு மடங்கு.

ஆண்டுதோறும் வரம்பை யார் ஏற்றுகிறார்கள்?

யாரும் மனமிரங்கி ஏற்றுவதில்லை; வருமானம் ஏற்றுகிறது. உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் 2020இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தொடரின் வருமானத்தில் 48 சதவீதத்துக்குக் குறையாமல் வீரர்களுக்குப் போக வேண்டும். அந்தப் பங்கிலிருந்து ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றுக்கான பணத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 32 அணிகளுக்கும் வகுத்தால் வருவதே உச்சவரம்பு. வருமானத்தில் பெரும்பகுதி தொலைக்காட்சிப் பணம். 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் மட்டும் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர்.

ஏற்றம் படிக்கட்டுபோல ஒரே சீராக வருவதில்லை. 2020இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு, காலி மைதானங்களில் ஆடிய கோவிட் சீசனுக்குப் பிறகு 2021இல் 18.25 கோடிக்கு இறங்கியது. அதன்பின் 20.82, 22.48 என்று ஏறி, 2024இல் 25.54 கோடிக்குத் தாவியது. ஒரே ஆண்டில் 3.06 கோடி டாலர், 13.6 சதவீதம். கோவிட் காலத்தில் வருமானம் விழுந்த அளவுக்கு வரம்பை விழவிடாமல் தாங்கிப் பிடித்ததில் வீரர்கள் கணக்கில் ஏறியிருந்த பாக்கி அந்த ஆண்டோடு தீர்ந்தது; ஒளிபரப்பு வருமானமும் கூடியது. பிப்ரவரி 23 அன்று அந்த எண் வெளியானபோது, அதைவிடக் குறைவாக எதிர்பார்த்துத் திட்டம் போட்டு வைத்திருந்த அணிகளின் கையில் திடீரென்று சில்லறை குலுங்கியது. சந்தை திறக்க மூன்று வாரம்கூட இல்லை.

ஃப்ரீ ஏஜென்ட் என்பவர் யார்?

ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை பெற்ற வீரர். குறைந்தது நான்கு சீசன் ஆடியிருக்க வேண்டும். மூன்றே சீசன் என்றால் பாதிச் சுதந்திரம்: வெளி அணி விலை சொல்லலாம், அதே விலையைக் கொடுத்துப் பழைய அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் இன்றைய வடிவில் வந்தது 1993இல், நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பிறகு. அடுத்த ஆண்டே உச்சவரம்பு வந்துவிட்டது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடித்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

சந்தை திறப்பது மார்ச் நடுவில். அதற்கு இரண்டு நாள் முன்பே வீரர்களின் முகவர்களோடு பேசலாம். ஆனால் கையெழுத்து கூடாது. 2025இல் அந்தப் பேச்சு தொடங்கியது மார்ச் 10, திங்கட்கிழமை. நம் நேரத்துக்கு இரவு 9.30. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பெரிய பெயர்கள் பாதி போய்விடும். இரண்டு நாள் கழித்து வரும் ‘திறப்பு விழா’வில் மிச்சமிருப்பது மை ஊற்றும் வேலைதான்.

எல்லா அணிக்கும் ஒரே அளவுதானே ஏறுகிறது? பிறகு யாருக்கு லாபம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு தெருவில் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம் ஏறினால் அடுத்த மாதம் வீட்டு வாடகை ஏறும். யாரும் பணக்காரர் ஆனதாகத் தோன்றாது. ஆனால், போன ஆண்டே வீட்டை விலைக்கு வாங்கிப் பத்திரம் பதிந்துவிட்டவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிப்பார்.

என்.எஃப்.எல். ஒப்பந்தமும் அந்தப் பத்திரம் மாதிரிதான். எழுதிய எண் நிற்கும், வரம்பு நகரும். முக்கியமான ஏழெட்டுப் பேரை முந்தைய விலையில் பூட்டி வைத்திருக்கும் அணிக்கு ஏற்றம் முழுவதும் கைக்காசு. அந்த மார்ச்சில்தான் முக்கியமானவர்களின் ஒப்பந்தம் முடிகிறது என்றால், ஏறிய பணம் ஒரு கையில் வந்து மறு கையில் போகும். அதனால் ‘வரம்பு ஏறியது, எங்கள் அணிக்கு நல்ல காலம்’ என்று குதிப்பவர்களைப் பார்த்து நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆண்டு உங்கள் அணியில் யார் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது?

2020 ஜூலையில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் தன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பத்தாண்டு நீட்டிப்பு எழுதியது. 45 கோடி டாலர், ஆண்டுக்குச் சராசரி 4.5 கோடி. உலகமே வாயைப் பிளந்தது. அந்த ஆண்டின் வரம்பில் அது 22.7 சதவீதம். அதே 4.5 கோடி, 2025இன் வரம்பில் 16 சதவீதம்தான். (2023இல் அந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுதி அவருக்கு வர வேண்டியதை முன்கூட்டியே கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு இந்தச் சரிவே போதுமான பதில்.) 2024 செப்டம்பரில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் டாக் பிரெஸ்காட் நான்கு ஆண்டுக்கு 24 கோடி வாங்கினார், ஆண்டுக்கு 6 கோடி. மஹோம்ஸைவிட ஒன்றரைக் கோடி அதிகம் என்று தலைப்புச் செய்தி வந்தது. அவர் கையெழுத்திட்ட ஆண்டின் வரம்பில் அது 23.5 சதவீதம். நான்கு ஆண்டு இடைவெளியில் உச்சியில் இருக்கும் குவார்ட்டர்பேக்கின் பங்கு ஒரு சதவீதம்கூட நகரவில்லை.

அப்படியானால் எல்லா நிலைக்கும் ஒரே விகிதத்தில் விலை ஏறுமா?

ஏறாது. வரம்பு ஏறியும் இறங்கிய விலை உண்டு. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளின் கதை அதுதான். 2017இல் வரம்பு 16.7 கோடி, ஒரு ரன்னிங் பேக்கை ஓராண்டுக்குப் பிடித்து வைக்கும் ‘ஃபிரான்சைஸ் டேக்’ விலை 1.21 கோடி. 2023இல் வரம்பு 22.48 கோடி, அந்த விலை 1.01 கோடி. வரம்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்க, இவர்களின் விலை குறைந்திருக்கிறது. பந்தை எறிவதில்தான் வெற்றி இருக்கிறது, ஓடுகிறவன் சீக்கிரம் தேய்ந்துவிடுவான், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் மலிவாக இன்னொருவன் கிடைப்பான் என்று பொது மேலாளர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்த அடியை நேரில் வாங்கியவர் சாக்வான் பார்க்லி. 2018 டிராஃப்டில் இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்த வீரர். 2023 மார்ச்சில் அவர்மீது அந்த 1.01 கோடி டேக் விழுந்தது. நீண்ட ஒப்பந்தம் கேட்டார். ஜூலைக் கெடு முடியும்வரை பேசியும் படியவில்லை. ஓராண்டுக்குக் கையெழுத்திட்டு ஆடினார். மறுபடி டேக் போட்டால் 1.21 கோடி. 2024இல் ஜயன்ட்ஸ் போடவில்லை. சந்தைக்கு விட்டார்கள்.

அது வரம்பு 3 கோடி தாவிய அதே மார்ச். ஒரே பிரிவில் ஆடும் பரம எதிரி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி கொடுத்து அழைத்துக்கொண்டது, அதில் 2.6 கோடி உத்தரவாதம், அதாவது இடையில் நீக்கினாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம். ஆண்டுக்கு 1.26 கோடி, அதாவது வரம்பில் 4.9 சதவீதம். ஜயன்ட்ஸின் பழைய டேக் அதன் காலத்தில் 4.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவே அரை சதவீதம்கூட இல்லை. அதற்குத்தான் விட்டார்கள். அந்த சீசனில் பார்க்லி ஓடியது 2,005 கெஜம். 2025 பிப்ரவரி 9 அன்று, அவருடைய 28ஆவது பிறந்தநாளில், சீஃப்ஸை 40–22 என்று வென்று ஈகிள்ஸ் தொடரின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையைத் தூக்கியது. அடுத்த மாதமே இரண்டு ஆண்டு நீட்டிப்பு: 4.12 கோடி, ஆண்டுக்கு 2.06 கோடி, வரம்பில் 7.4 சதவீதம்.

2024இன் தாவலில் இன்னும் பளிச்சென்று ஏறியவர்கள் கார்டுகள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்பவர்களில் நடுப்பக்கத்துக்காரர்கள். மயாமியில் ஆடிக்கொண்டிருந்த ராபர்ட் ஹன்ட்டைக் கரோலைனா பேந்தர்ஸ் ஐந்து ஆண்டு, 10 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் தெரியாத தடுப்பாளருக்கு ஆண்டுக்கு 2 கோடியா என்று வாய் பிளந்தவர்கள் உண்டு. பேந்தர்ஸிடம் இருந்த இளம் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் முந்தைய சீசன் முழுவதும் தரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் கேட்கவில்லை.

வரம்பு ஏறினால் சந்தைக்கு நல்ல வீரர்கள் நிறைய வருவார்களா?

எதிர்மாறாக நடக்கும். பணம் இருந்தால் முதலில் எல்லோரும் தம் வீட்டு ஆளைத் தக்கவைத்துக்கொள்வார்கள். 2024இல் சந்தை திறப்பதற்கு முன்பே சீஃப்ஸ் தன் தற்காப்பு நட்சத்திரம் கிறிஸ் ஜோன்ஸோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்தது. டாம்பா பே பக்கனீர்ஸ் மைக் எவன்ஸையும் பேக்கர் மேஃபீல்டையும் வைத்துக்கொண்டு, ஆன்ட்வான் வின்ஃபீல்டுக்கு டேக் போட்டது. வரம்பு 3 கோடி ஏறியிராவிட்டால் இவர்களில் ஒருவராவது தெருவுக்கு வந்திருப்பார் என்பது என் கணிப்பு.

விளைவு: கடையில் சரக்கு குறைவு, வாங்க வந்தவர்கள் கையில் பணம் அதிகம். இரண்டாம் தரச் சரக்குக்கு முதல் தர விலை. நவராத்திரிக்கு முந்தைய நாள் பூக்கடையில் நடப்பதுதான்.

ஃபிரான்சைஸ் டேக் விலையும் ஏறுமா?

ஏறும். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நிலையின் உச்ச ஐந்து சம்பளங்கள் வரம்பில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கை நடப்பு வரம்போடு பெருக்குகிறார்கள். இரண்டாம் முறை அதே வீரருக்குப் போட்டால் முந்தைய சம்பளத்தைவிட 20 சதவீதம் கூடுதல். சின்சினாட்டி பெங்கால்ஸில் எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கு 2024இல் 2.18 கோடி, 2025இல் மறுபடி போட்டபோது 2.62 கோடி. அது தாங்காமல் கடைசியில் நான்கு ஆண்டுக்கு 11.5 கோடி என்று முடித்தார்கள். முதலிலேயே முடித்திருந்தால் மலிவாகப் போயிருக்கும்.

‘வரம்புக்குள் எப்படித்தான் நுழைக்கிறார்களோ’ என்று ஒவ்வோர் ஆண்டும் வியப்பாக இருக்கிறது. ஒரு ஒப்பந்தத்தைப் பிரித்துக் காட்ட முடியுமா?

முடியும். கற்பனை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு, மொத்தம் 4 கோடி டாலர். அதில் 2 கோடி கையெழுத்திடும் அன்றே போனஸாக வீரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மிச்சம் 2 கோடி சம்பளம்: முதல் ஆண்டு 20 லட்சம், பிறகு 40, 60, 80 லட்சம்.

பணம் இன்று போனாலும், வரம்புக் கணக்கில் போனஸை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பரப்பி எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இங்கே நான்கு ஆண்டு என்பதால் ஆண்டுக்கு 50 லட்சம். ஆக முதல் ஆண்டுக் கணக்கு 20ஐயும் 50ஐயும் சேர்த்து 70 லட்சம். வீரர் கையில் வாங்கியது 2.2 கோடி; வரம்பில் விழுந்தது 70 லட்சம். இரண்டாம் ஆண்டு 90 லட்சம், மூன்றாம் ஆண்டு 1.1 கோடி, நான்காம் ஆண்டு 1.3 கோடி.

இன்னும் இறுக்கமா? ஐந்தாவதாக ஒரு வெற்று ஆண்டைச் சேர்த்து எழுதுவார்கள். அந்த ஆண்டு அவர் ஆடப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் போனஸ் ஐந்தாகப் பிரிந்து ஆண்டுக்கு 40 லட்சமாகும். முதல் ஆண்டுக் கணக்கு 60 லட்சமாக இறங்கும். நான்காம் ஆண்டோடு அவர் கிளம்பிய பின், ஆள் இல்லாத கணக்கில் 40 லட்சம் நிற்கும். இதைத்தான் ‘டெட் மணி’ என்கிறார்கள். வீட்டை விட்டுப் போனவர் விட்டுச் சென்ற மளிகைக் கடைப் பாக்கி.

நடுவில் துரத்தினால் பாக்கி ஒரே நாளில் வந்து நிற்கும். வெற்று ஆண்டு இல்லாத முதல் கணக்கில், இரண்டு ஆண்டு முடிந்து அவரை நீக்கினால், பரப்பாமல் மிச்சமிருக்கும் 1 கோடி அந்த ஆண்டிலேயே விழும். அவர் இருந்திருந்தால் ஆகியிருக்கும் கணக்கு 1.1 கோடி. அத்தனை பெரிய முடிவுக்கு மிச்சமாவது 10 லட்சம். ஜூன் 1க்குப் பிந்தைய நீக்கம் என்று குறித்தால் அந்த 1 கோடியை இரண்டு ஆண்டுக்கு 50, 50 என்று பிரித்துக்கொள்ளலாம்.

உச்சவரம்பு ஏறுவதற்கும் இந்தப் பரப்பலுக்கும் என்ன தொடர்பு?

ஏறும் வரம்புதான் இந்தக் கடனுக்கு வட்டியே இல்லாமல் செய்கிறது; வட்டி இல்லாதது மட்டுமில்லை, அசலையும் கரைக்கிறது. 2021இல் எழுதிய ஒரு 40 லட்சம் அந்த ஆண்டு வரம்பில் 2.2 சதவீதம். அதே 40 லட்சத்தை 2025க்குத் தள்ளிவிட்டால் 1.4 சதவீதம். ‘உச்சவரம்பு என்பதே கட்டுக்கதை’ என்று ரசிகர்கள் பேசிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

பெரிய பாக்கியையும் விழுங்கிச் செரித்த அணி உண்டு. 2024இல் டென்வர் பிராங்கோஸ் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை நீக்கியது. ஆள் இல்லாத கணக்கு 8.5 கோடி டாலர், அதில் 5.3 கோடி அந்த ஆண்டே. வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு வேறு அணிக்கு ஆடப்போனவர் பேரில். முடிந்தது கதை என்று பலர் எழுதினார்கள். டிராஃப்டில் 12ஆவதாக எடுத்த புதுமுகம் போ நிக்ஸை மலிவுச் சம்பளத்தில் இறக்கி, 10 வெற்றியோடு ப்ளே ஆஃப் போனார்கள்.

அதற்காக இது இலவசம் என்று நினைக்க வேண்டாம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸைப் பாருங்கள். டிரூ பிரீஸ் என்ற மகத்தான குவார்ட்டர்பேக் இருந்தவரை கடனைத் தள்ளித் தள்ளி அணியைக் கட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. 2021இல் அவர் ஓய்வு பெற்ற பின்னும் அதே பழக்கம் தொடர்ந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரம்புக்கு மேலே. ஒவ்வொரு மார்ச்சிலும் சம்பளத்தைப் போனஸாக மாற்றி எழுதி உள்ளே நுழைவு. 2021 முதல் 2024 வரை நான்கு சீசனிலும் ப்ளே ஆஃப் வாசலை மிதிக்கவில்லை. வரம்பு ஏறியது அவர்களைக் காப்பாற்றியது என்பதைவிட, தவறை இன்னும் ஓராண்டு தொடர விட்டது என்பதே சரி.

வரம்பு ஏறியும் எங்கள் அணி ஏன் இத்தனை பேரை இழக்கிறது?

2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகர்கள் கேட்ட கேள்வி. அந்த ஆண்டு வரம்பு 2.38 கோடி ஏறியது. ஆனாலும் டிரே கிரீன்லாவும் டலனோவா ஹுஃபாங்காவும் பிராங்கோஸுக்கு, ஷர்வேரியஸ் வார்டு கோல்ட்ஸுக்கு, ஏரன் பேங்க்ஸ் பேக்கர்ஸுக்கு என்று கிளம்பினார்கள்; டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்கு மாற்றிவிட்டார்கள்.

காரணம் ஒரு பெயரில் இருக்கிறது: பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது தேர்வு. 2023இல் அவருடைய அடிப்படைச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்தச் சம்பளத்தில் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். குவார்ட்டர்பேக்குக்கு மிச்சமான பணத்தில்தான் மற்ற நட்சத்திரங்களை வாங்கி அடுக்கியிருந்தார்கள். 2025 மே மாதம் அவருக்கு ஐந்து ஆண்டு, 26.5 கோடி எழுதினார்கள்; ஆண்டுக்கு 5.3 கோடி. முதல் ஆண்டுகளின் கணக்கைப் பரப்பிக் குறைக்கலாம். ஆனால் வரப்போகும் பில் மேசையில் தெரிகிறது. 2.38 கோடி ஏற்றம் அதில் பாதிக்கும் வராது.

வரம்புக்குள் மீதி இடம் நிறைய வைத்திருக்கும் அணி எல்லோரையும் வாங்கிவிடலாமே?

வாங்கலாம்; வாங்கியவர்கள் வென்றதும் உண்டு, மண்ணைக் கவ்வியதும் உண்டு. செலவழிக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதால் சில அணிகளின் உண்மையான வரம்பு அறிவித்ததைவிடப் பல கோடி அதிகமாக இருக்கும். கஞ்சத்தனமாக உட்கார்ந்திருக்கவும் முடியாது: சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரம்பில் 90 சதவீதமாவது ரொக்கமாகச் செலவழித்திருக்க வேண்டும் என்பது உடன்பாடு.

சரியாகச் செய்ததற்கு அண்மைக்கால உதாரணம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். 2023இலும் 2024இலும் 17 ஆட்டத்தில் நான்கே வெற்றி. ஆனால் டிரேக் மே என்ற இளம் குவார்ட்டர்பேக் புதுமுகச் சம்பளத்தில் இருந்தார்; கையில் எக்கச்சக்கமாக மீதி இடம். 2025 மார்ச்சில் சந்தைக்கு வந்து அள்ளினார்கள். ஈகிள்ஸ் கோப்பை வென்ற அணியிலிருந்து மில்டன் வில்லியம்ஸை நான்கு ஆண்டு, 10.4 கோடிக்கு எடுத்தார்கள். கார்ல்டன் டேவிஸ், ஹெரால்ட் லாண்ட்ரி, ஸ்டெஃபான் டிக்ஸ் என்று பட்டியல் நீண்டது. அந்த சீசனில் 14 வெற்றி, சூப்பர் பவுல் இறுதி ஆட்டம்.

இறுதி ஆட்டத்தில் அவர்களைத் தோற்கடித்த சியாட்டில் சீஹாக்ஸின் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டும் அதே மார்ச் சந்தையில் வாங்கப்பட்டவர்தான்: மூன்று ஆண்டு, 10.05 கோடி, ஆண்டுக்கு 3.35 கோடி. வரம்பில் 12 சதவீதம். பிரெஸ்காட்டின் பங்கில் பாதி. மிச்சப் பாதி எங்கே போயிருக்கும் என்பதை அந்த அணியின் தற்காப்பைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வரம்பு இறங்கினால்?

2021இல் பார்த்தோம். சந்தை உறைந்தது. அடுத்த ஆண்டு பணம் வரும் என்று நம்பியவர்கள் ஓராண்டு ஒப்பந்தம் எழுதிக் காத்திருந்தார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜூஜூ ஸ்மித் ஷூஸ்டர், 24 வயது, சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு 80 லட்சத்துக்கு ஓராண்டு பழைய அணிக்கே திரும்பினார். ஒரு வீரரின் வாழ்க்கையில் பெரிய பேரத்துக்கு ஒரே ஒரு மார்ச்தான் வாய்க்கும். அது எந்த ஆண்டில் விழுகிறது என்பது அவர் கையில் இல்லை.

ஏற்றத்தில் நஷ்டப்படுகிறவர்களும் உண்டா?

உண்டு, யாரும் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் வரம்போடு ஏறுவதில்லை. உடன்பாட்டில் முன்கூட்டியே அச்சடித்த அட்டவணைப்படி ஏறுகிறது: புதுமுகத்துக்கு 2023இல் 7,50,000 டாலர், 2024இல் 7,95,000, 2025இல் 8,40,000. 2024இல் வரம்பு 13.6 சதவீதம் தாவியபோது இவர்களுக்கு ஏறியது 6 சதவீதம். அந்த ஆண்டின் கொண்டாட்டம் இவர்கள் வீட்டு வாசலுக்கு வரவே இல்லை.

அடுத்து, நடுத்தர வயது நடுத்தர வீரர். 30 வயது, நல்ல ஆட்டம், நட்சத்திரம் இல்லை. மேலே இருப்பவர்களின் விலை ஏற ஏற, அணிகள் மிச்ச இடங்களை மலிவான புதுமுகங்களால் நிரப்புகின்றன. பிறகு, ஆறேழு ஆண்டு ஒப்பந்தம் எழுதிவிட்டவர்: இரண்டே ஆண்டில் தன்னைவிடச் சுமாரானவன் தன்னைவிட அதிகம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் விவரமான முகவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் எழுதத் தயங்குகிறார்கள்.

ஐ.பி.எல். ஏலத் தொகையும் இதுவும் ஒன்றுதானே?

வரம்பு என்ற அளவில் ஒன்று. ஆனால் ஏலத்தில் வீரருக்கு வாய் கிடையாது, சுத்தியல் விழும் அணிக்குப் போக வேண்டும். இங்கே வீரர் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். போனஸைப் பரப்பும் வித்தையும் அங்கே இல்லை. ஒரு வேடிக்கை மட்டும் சொல்லலாம்: 2025 சீசனுக்கான ஏலத்தில் ஓர் அணியின் வரம்பு 120 கோடி ரூபாய், ரிஷப் பந்த் போன விலை 27 கோடி. 22.5 சதவீதம். மஹோம்ஸ் கையெழுத்திட்ட பங்கும் ஏறக்குறைய அதுதான்.

மார்ச்சில் வரும் தலைப்புச் செய்திகளில் எந்த எண்ணை நம்புவது?

மொத்தத் தொகையை நம்பாதீர்கள். உத்தரவாதத் தொகையைத் தேடுங்கள். 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் அட்லான்டா ஃபால்கன்ஸுக்குப் போனார். தலைப்பில் நான்கு ஆண்டு, 18 கோடி. உள்ளே உத்தரவாதம் 10 கோடி. அதில் 5 கோடி கையெழுத்துக்கே. அடுத்த மாத டிராஃப்டில் எட்டாவது தேர்வாக மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை அதே அணி எடுத்தது. டிசம்பரில் கசின்ஸை உட்கார வைத்துவிட்டார்கள். 2025இல் மாற்று வீரராக அவர் சீசனைத் தொடங்கியபோது ஃபால்கன்ஸின் கணக்கில் அவர் பேரில் 4 கோடி டாலர் இருந்தது: 2.75 கோடி சம்பளம், பரப்பிய போனஸில் அந்த ஆண்டுக்கு விழுந்த 1.25 கோடி.